இரைப்பு ஒன்று, நோய் பல

தொய்வு, இழுப்பு, முட்டு, ஈளை, இரைப்பு என மூச்சுத் திணறலுக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ஊருக்கு ஊர் சொல் மாறுமேயன்றிப் பொருள் பெரிதும் மாறுவதில்லை. இச்சொற்கள் யாவும் நோயாளி படும் பாட்டைக் கூறுவன. அப்பாட்டிற்குக் காரணம் யாதென்று கூறுவன அல்ல. இக்குறை நம் மொழிக்கு மட்டும் உரியதென்று எண்ணற்க. இன்று உலகெங்கும் வழங்கும் ஆஸ்துமா என்னும் சொல்லும் பண்டைக் கிரேக்கத்தில் மூச்சு வாங்குதலையே குறித்தது. ஒரே வீட்டில் பாட்டனாருக்கும் பேத்திக்கும் இரைப்பு உண்டெனின், இருவருக்கும் தொய்வு என்றே பெயரிட்டு விடுகிறோம். ஒருவருக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை மற்றவர் இழுத்துப் பார்ப்பதும் நம் வீடுகளில் நடவாத செயலன்று.

யான் வைத்தியன் அல்லன். விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியன். ஆதலின் இன்ன நோய்க்கு இன்ன மருந்து என்று எழுதுவது என் வேலையன்று. ஒரே ஓசையுடன் வருகின்ற நோய்களை, மார்பைக் கீறாமலே, ஒன்றினின்று மற்றொன்றைப் பிரித்தறிவதற்குச் சீ. ரீ. ஸ்கான் எனப்படும் படமுறை எவ்வாறு உதவுகின்றது என்பதை மட்டும் இவ்வாரம் கூற விரும்புகிறேன். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் இதனைச் சற்று ஊன்றிப் படிப்பாராக.

முதலில் சுவாசப்பையின் அமைப்பை நினைவிற் கொள்வோம். வாதனாளி நெஞ்சினுள் இறங்கி இரண்டாகப் பிரிகின்றது. ஒவ்வொரு கிளையும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, இவ்வாறே ஏறக்குறைய 23 தலைமுறை சென்ற பின்னர்ச் சிற்றறைகளில் முடிகின்றது. தலைகீழாய் நட்ட பெருமரம் ஒன்றை எண்ணிக் கொள்க. அதன் இலைகளே சிற்றறைகள். அவை முப்பது கோடிக்கும் அதிகம். உட்சென்ற காற்று வெளிவருவதற்குத் தடை ஏற்படும் நோய்களையே வைத்தியர் அடைப்பு நோய்கள் என்கின்றனர். அத்தடை எங்கே உண்டாகின்றது என்பதுதான் வினா. ஆஸ்துமாவில் குழாயின் தசை சுருங்கி உட்சுவர் வீங்குகின்றது. நாட்பட்ட புறொங்கைற்றிஸ் நோயில் சளி பெருகிச் சுவர் தடிக்கின்றது. எம்பிசீமா என்னும் நோயிலோ குழாய்களுக்கு அப்பால் உள்ள சிற்றறைகளின் சுவர்களே அழிந்து போகின்றன. அச்சுவர்கள் இறப்பர் நாடாக்களைப் போலச் சிறு குழாய்களை நாற்புறமும் இழுத்துத் திறந்து வைத்திருப்பவை. அவை அற்றுப் போனால், மூச்சை வெளிவிடும்போது குழாய்கள் தாமே மடிந்து மூடிக் கொள்கின்றன. பழுதுபட்ட இடம் வேறாயினும் நோயாளியின் வாயிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றே.

இவ்வடைப்பை அளப்பதற்கு மூச்சுமானி என்றொரு கருவி உண்டு. ஜோன் ஹச்சின்சன் என்னும் ஆங்கில வைத்தியர் 1846ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டார். ஈராயிரத்துக்கு மேற்பட்டோரின் மூச்சை அவர் அளந்திருந்தார். இன்று வைத்தியசாலைகளில், நோயாளி மூச்சை நிரம்ப இழுத்து வேகமாக ஊதும்போது, முதற் செக்கனில் எவ்வளவு காற்று வெளிவந்தது என்று இக்கருவி காட்டுகின்றது. மொத்தமாக ஊதிய காற்றில் நூற்றுக்கு எழுபது பங்கிற்குக் குறைவாகவே முதற் செக்கனில் வருமெனின் அடைப்பு உண்டென்பது பொது விதி. மலிவான, நம்பத்தக்க சோதனை. அடைப்பு நோயைத் தேடுவார் யாவரும் இதிலிருந்தே தொடங்க வேண்டும். ஆயினும் இதற்கு ஓர் எல்லை உண்டு. வீட்டுத் தண்ணீர்க் குழாயின் கீழ் வாளியை வைத்து, ஒரு நிமிடத்தில் எவ்வளவு நீர் விழுகின்றது என்று அளந்தால், நீர் குறைவென்று அறியலாம். பழுது தாங்கியிலா, நிலத்தடிக் குழாயிலா, திருகிலா என்பதை வாளி சொல்லுமா?

அதனை அறிவதற்கு நெடுங்காலம் ஒரே வழிதான் இருந்தது. நோயாளி இறந்தபின் சுவாசப்பையை வெட்டிப் பார்த்தலே அது. இதயத்துடிப்புக் கேட்கும் ஸ்டெதஸ்கோப்பை 1816இல் ஆக்கிய பிரெஞ்சு வைத்தியர் லயனெக், இறந்தோரின் சுவாசப்பைகளைக் காற்றால் ஊதி உலர்த்தி, வெட்டி ஆராய்ந்து, எம்பிசீமாவை விளங்கும்படி விவரித்தார். 1826இல் அவர் காசநோயால் இறந்தார். பிறர் நெஞ்சை வாழ்நாளெல்லாம் செவிமடுத்தவரின் நெஞ்சே நோய்க்கு இரையாயிற்று. பின்னர் 1949இல் வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜெத்ரோ கொஃப் என்பார், தம் உதவியாளர் வென்ற்வேர்த்துடன் சேர்ந்து, முழுச் சுவாசப்பையையும் மெல்லிய தாளாகச் சீவிக் காகிதத்தின் மேல் ஒட்டும் முறையை வெளியிட்டார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் சுவாசப்பைகளை அவர் இவ்வாறு ஆராய்ந்தார். அத்தாள்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஓட்டைகள் எங்கெங்கே விழுந்துள்ளன என்பது கண்கூடு. ஆனால் அந்த அறிவு உரியவனுக்குப் பயன்படாது. அவன்தான் போய்விட்டானே!

உயிருடன் இருப்போரின் உள்ளே பார்க்கும் வழியை 1895ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8ஆம் நாள் ஜேர்மனியில் றொண்ட்ஜன் கண்டார். எக்ஸ்றேப் படம் காசநோயையும் நியுமோனியாவையும் கண்டறிவதற்குப் பேருதவி செய்தது; இன்றும் செய்கின்றது. எனினும் அது நிழற்படம். முன்புற விலா எலும்பு, இதயம், பின்புற விலா எலும்பு ஆகிய யாவும் ஒன்றன்மேல் ஒன்றாய் ஒரே தாளில் வீழ்கின்றன. முற்றிய எம்பிசீமாவில் சுவாசப்பை அளவுமீறிப் பருத்துப் பிரிமென்றகட்டைத் தட்டையாக அழுத்தியிருப்பதை அதில் காணலாம். தொடக்க நிலையில் உள்ள எம்பிசீமாவோ அந்நிழல்களிடையே மறைந்துவிடும்.

நிழலை விடுத்துக் குறுக்குவெட்டைக் காண வேண்டுமெனின் என் செய்வது? ஒரு பொருளைச் சுற்றிப் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் தேய்ந்து வெளிவருகின்றது என்று அளந்தால், உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் உள்ள அடர்த்தியைக் கணக்கிட்டு விடலாம். தென்னாபிரிக்காவிற் பிறந்த பௌதிக விஞ்ஞானி அலன் கோர்மக் இதன் கணிதத்தை 1963, 1964ஆம் ஆண்டுகளில் வெளியிட்டார். அதனைப் பொருட்படுத்தினார் மிகச் சிலரே. அவருடைய கட்டுரையின் பிரதியைக் கேட்டு வந்த கடிதங்களுள் ஒன்று சுவிற்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்ததாம்! கோர்மக்கின் வேலையை அறியாமலே, இங்கிலாந்தில் ஈ. எம். ஐ. என்னும் கம்பனியின் பொறியியலாளர் கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அதே வழியிற் சென்று கருவியையே ஆக்கினார். அவரது முதற் பரிசோதனையில் ஒரு படத்திற்கு வேண்டிய அளவுகளை எடுப்பதற்கு ஒன்பது நாட்கள் சென்றன. 1971ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் நாள், இலண்டன் விம்பிள்டனில் உள்ள அற்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், நோயாளி ஒருவரின் மூளை முதன்முதலாக இவ்வாறு படம்பிடிக்கப்பட்டது. இருவருக்கும் 1979இல் நோபல் பரிசு வழங்கினர். முதற்கருவி ஒரு துண்டுக்குச் சில நிமிடங்கள் எடுத்தது. தலை அசையாமற் கிடக்கும், சுவாசப்பை கிடக்குமா? மார்பைத் தெளிவாகப் படமெடுக்க வேகமான கருவிகள் வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இன்றைய கருவி ஒரே மூச்சடக்கலில், சில செக்கன்களில், மார்பு முழுவதையும் பாண் சீவுவதுபோல் ஒரு மில்லிமீற்றர் தடிப்பான துண்டுகளாகக் காட்டிவிடுகின்றது. கொஃப் காகிதத்தில் ஒட்டியதை இன்று உயிருள்ளவரிடத்திற் காண்கிறோம்.

அவ்வளவோடு நில்லாது, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணும் கிடைக்கின்றது. அதனை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்பர். தண்ணீருக்கு 0, காற்றுக்குச் சய 1000. நன்கு மூச்சிழுத்த நிலையில் நோயற்ற சுவாசப்பை ஏறக்குறையச் சய 850 என்னும் எண்ணைத் தரும். அதாவது நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு காற்று. எஞ்சியது இழையமும் குருதியும். சிற்றறைச் சுவர்கள் அழிய அழியக் காற்றின் பங்கு ஏறும், எண் காற்றின் எண்ணை நெருங்கும். கனடாவில் வன்கூவர் நகரைச் சேர்ந்த நெஸ்ரர் மல்லரும் அவர் கூட்டத்தாரும் 1988இல் ஓர் எல்லையெண்ணைக் குறித்து, அதற்குக் கீழ்ப்பட்ட புள்ளிகளை எல்லாம் கணனியைக் கொண்டு எண்ணச் செய்து, எம்பிசீமா எவ்வளவு என்று அளந்தனர். மெல்லிய துண்டுகளுக்குச் சய 950 என்னும் எல்லையே இன்று பெரிதும் கையாளப்படுகின்றது.

எம்பிசீமாவின் ஓட்டைகளுக்கு ஓர் அடையாளம் உண்டு. அவற்றிற்குச் சுவர் இல்லை. பூச்சி அரித்த துணியிலுள்ள துளைகளைப்போல, சாம்பல் நிறத்தின் நடுவே கரிய பொட்டுகளாகத் தோன்றும். வேறு சில நோய்களில் வரும் பைகளுக்கோ மெல்லிய சுவர் வட்டமிட்டிருக்கும். புகைபிடித்தலால் வரும் எம்பிசீமா பெரும்பாலும் சுவாசப்பையின் மேற்பகுதியில் தொடங்குகின்றது. கீழ்ப்பகுதியே பெரிதும் அழிந்திருந்தால், அதுவும் வயது குறைந்த ஒருவரிடத்தில் எனின், வைத்தியரின் எண்ணம் வேறு திசையிற் செல்லும். சுவீடன் நாட்டில் லோரெல், எரிக்சன் என்னும் இருவர், அல்பா-1 அன்ரிற்றிப்சின் என்னும் புரதம் குருதியில் மிகக் குறைந்திருப்போரை 1963இல் கண்டறிந்தனர். வெண்கலங்கள் விடும் நொதியம் சுவாசப்பையைக் கரைத்து விடாமற் காப்பது அப்புரதம். இக்குறை பரம்பரையாய் வருவது. ஆதலின் படத்தில் ஓட்டைகள் கிடக்கும் இடத்தை நோக்கியே, நோயாளிக்கு மட்டுமன்றி உடன்பிறந்தோருக்கும் குருதிச் சோதனை வேண்டும் என்னும் முடிவுக்கு வரலாம்.

இடமறிதலின் பெறுமதியை இதனினும் கடுமையாகக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் நடைபெற்றது. எம்பிசீமாவால் பெரிதும் கெட்ட பகுதியை வெட்டி நீக்கினால், எஞ்சிய நல்ல பகுதி விரிய இடம் கிடைக்கும் என்பது அறுவை வைத்தியரின் கருத்து. 1218 நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு அறுவையும் மற்றக் கூறினருக்கு மருந்துமே செய்து, விளைவை 2003இல் வெளியிட்டனர். அழிவு மேற்பகுதியிற் குவிந்திருந்து, நடமாட்ட வலிமையும் குன்றியிருந்தோர் அறுவையால் அதிக காலம் வாழ்ந்தனர். ஆனால் மூச்சின் வலிமை மிகவும் தாழ்ந்து, அழிவு சுவாசப்பை முழுவதும் ஒரே சீராகப் பரந்திருந்தோரிடத்தில், அறுவையின் பின் மரணம் மிகுந்தது. அத்தகையோருக்கு இதனைச் செய்யலாகாது என்று 2001ஆம் ஆண்டிலேயே எச்சரிக்க நேர்ந்தது. நோயின் பெயர் இரு சாராருக்கும் ஒன்று. மூச்சுமானி மட்டும் இவர்களைப் பிரித்திராது.

அடுத்தது புறொங்கியெக்ரசிஸ் எனப்படும் குழாய் விரிவு நோய். குழந்தைப் பருவத்திற் கடுமையான சளிச்சுரம், காசநோய் முதலியவற்றால் குழாய்ச் சுவர் கெட்டு, குழாய் நிலையாக விரிந்துவிடும். அதில் சளி தேங்கி அடிக்கடி கிருமி பற்றும். முன்னாளில் இதனைக் காண்பதற்கு, 1922 அளவில் பாரிஸ் நகரில் சிக்கார், ஃபொறெஸ்ரியர் என்போர் புகுத்திய முறைப்படி, அயடீன் சேர்த்த எண்ணெயைச் சுவாசக் குழாய்களில் ஊற்றி எக்ஸ்றே எடுத்தனர். நோயாளி பட்ட தொல்லையைச் சொல்ல வேண்டுமோ! சீ. ரீ. படத்தில் இந்நோய் தானே தன்னைக் காட்டிக் கொடுக்கும். சுவாசக் கிளைக்குழாய் ஒவ்வொன்றோடும் ஒரு நாடி இணைந்து செல்கின்றது. குறுக்குவெட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒரே பருமன். குழாய் விரிந்த இடத்தில் பெரிய வளையம் ஒன்றும், அதன் ஓரத்தில் ஒட்டிய சிறு பொட்டும் தெரியும். கல் பதித்த மோதிரம் போன்ற தோற்றம். வைத்தியரும் அதனை முத்திரை மோதிர அடையாளம் என்றே வழங்குகின்றனர். இந்நோயாளருக்குச் சளியை நாள்தோறும் வெளியேற்றும் பயிற்சியே வைத்தியத்தின் அடித்தளமாதலின், பல்லாண்டுகள் ஆஸ்துமா மருந்தை மட்டும் இழுத்துக் கொண்டிருத்தல் போதாது.

ஆஸ்துமாவைப் பற்றிப் பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. சாதாரண ஆஸ்துமாவில் சீ. ரீ. படம் பெரும்பாலும் ஒன்றும் காட்டாது; காட்டினாலும் சுவர் சிறிது தடித்திருப்பதையே காட்டும். ஏனெனில் அது வந்து போகும் சுருக்கம், நிலையான அழிவன்று. ஆகவே இரைக்கும் பிள்ளை ஒவ்வொன்றையும் இக்கருவியில் இட வேண்டும் என்று வைத்தியரை வற்புறுத்தலாகாது. மருந்துக்கு அடங்காத கடும் ஆஸ்துமாவில் மட்டும், உண்மையில் அது வேறொரு நோயோ, குழாய்களைச் சளிக்கட்டி அடைத்துள்ளதோ என்று பார்ப்பதற்கு அது வேண்டப்படும்.

இனி, மாணவர் வியக்கத்தக்க பகுதிக்கு வருகிறேன். இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைந்த விட்டமுள்ள சிறு குழாய்களை இக்கருவியாலும் நன்கு காண முடியாது. ஆனால் நாட்பட்ட அடைப்பு நோயில் தடை பெரிதும் அச்சிறு குழாய்களிலேயே என்று ஹொக், மக்லெம், தேர்ல்பெக் என்போர் 1968இல் காட்டினர். காண முடியாத குழாயில் உள்ள அடைப்பை எவ்வாறு காண்பது? மூச்சை வெளிவிட்ட நிலையில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். நல்ல பகுதிகள் காற்றை இழந்து வெளுக்கும். சிறு குழாய் அடைபட்ட பகுதிகளோ காற்று வெளியேற வழியின்றிக் கருமையாகவே நிற்கும். கருமையும் வெண்மையும் திட்டுத்திட்டாய்த் தோன்றும் அப்படம், குழாயைக் காட்டாமலே குழாயின் பழுதைக் காட்டுகின்றது.

அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துச் சோளப்பொரித் தொழிற்சாலை ஒன்றில் முன்னர் வேலை செய்த எண்மருக்கு ஒரே வகையான சுவாசநோய் இருப்பது 2000ஆம் ஆண்டில் சுகாதாரப் பகுதியினருக்கு அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் அவர்களுக்கு ஆஸ்துமா முதலிய வழக்கமான பெயர்களே சூட்டப்பட்டிருந்தன. வெளிமூச்சுப் படத்தில் காற்று சிறைப்பட்டிருப்பதும் குழாய்ச் சுவர் தடித்திருப்பதும் தெரிந்தன. வெண்ணெய் மணத்துக்காகச் சேர்த்த டைஅசெற்றில் என்னும் பொருளின் ஆவி சிறு குழாய்களை வடுவாக்கி மூடியிருந்தது. எண்மருள் நால்வர் சுவாசப்பை மாற்று அறுவைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். நோயின் உண்மைப் பெயர் தெரிந்ததால், வேலைத்தலத்துக் காற்றைத் திருத்தி, ஏனைய தொழிலாளரைக் காக்க வழி பிறந்தது.

நம் சமையலறைகளையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டியிருக்கின்றது. விறகடுப்புப் புகையும் நாட்பட்ட அடைப்பு நோயை உண்டாக்கும் என்பது ஐயமற்ற செய்தி. இலங்கையில் இன்றும் எத்தனையோ வீடுகளில் அடுப்பு விறகினாலேயே எரிகின்றது. 2022ஆம் ஆண்டு எரிவாயுத் தட்டுப்பாட்டின்போது நகரத்தாரும் அதனை நாடினர். மெக்சிக்கோ நாட்டுப் பெண்களிடையே நடத்திய ஓர் ஆராய்ச்சி 2014இல் வெளிவந்தது. புகைபிடித்ததால் நோயுற்ற பெண்களின் படங்களில் எம்பிசீமா மிகுந்திருந்தது; விறகுப் புகையால் நோயுற்றோரின் படங்களிலோ காற்றுச் சிறைப்படுதலே மிகுந்திருந்தது. ஒரு நாளும் புகைபிடித்தறியாத நம் வீட்டுப் பெரியம்மா இரைக்கும்போது, வயதின் தளர்ச்சி என்று தள்ளிவிடுவோர் இதனைக் கவனிப்பாராக.

உள்மூச்சுப் படத்தையும் வெளிமூச்சுப் படத்தையும் புள்ளிக்குப் புள்ளி பொருத்திப் பார்க்கும் முறையொன்றை மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்டனர். நல்ல பகுதி பச்சை, சிறு குழாய்ப் பழுது மஞ்சள், எம்பிசீமா சிவப்பு எனக் கணனி நிறந்தீட்டிக் கொடுக்கின்றது. ஒரே நோயாளியிடத்தில் இரு பழுதுகளும் எவ்வெவ்வளவு கலந்துள்ளன என்று அதனாற் கூறலாம்.

கதிர்வீச்சைப் பற்றிப் பலர் அஞ்சுகின்றனர். அச்சம் அளவோடு இருத்தல் வேண்டும். மார்பு எக்ஸ்றே ஒன்றின் கதிரளவு ஏறக்குறைய 0.1 மில்லிசீவேட்டு. சாதாரண மார்புச் சீ. ரீ. ஒன்றின் அளவு ஏறக்குறைய 6. இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒருவர் ஆண்டொன்றிற்குப் பெறும் உலகச் சராசரி 2.4. எனவே தக்க காரணத்துடன் ஒருமுறை எடுப்பதற்குத் தயங்க வேண்டியதில்லை; காரணமின்றி மீண்டும் மீண்டும் எடுப்பதோ தகாது. எடுத்த படங்களை, வட்டாயினும் தாளாயினும், பத்திரமாய் வைத்திருங்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன்னைய படத்தை அருகே வைத்துப் பார்க்கும்போது, புதிய படம் இரு மடங்கு பேசும்.

வெளிமூச்சுப் படம் எடுக்கப்படுமாயின் நோயாளி செய்ய வேண்டியது ஒன்றே: மூச்சை முற்றாக வெளிவிட்டு, சொல்லும்வரை அப்படியே அடக்கிக் கொள்ளுதல். இரைப்புள்ளவருக்கு இது எளிதன்று. ஆதலின் மேசையில் ஏறுமுன் இருமுறை பழகிக் கொள்வது நன்று. அரைகுறையாக விட்டால், படத்தைப் பார்ப்பவர் ஏமாறமாட்டார். வாதனாளியின் பின்சுவர் மென்மையானது, மூச்சு முற்றாக வெளியேறும்போது அது உள்நோக்கி வளையும். வளையாதிருந்தால், நோயாளி நன்றாக ஊதவில்லை என்று எழுதி, மற்றொரு நாள் வரச் சொல்லிவிடுவார்.